ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பேஸ்கட்பால் அணியை மூடவிடாமல் காப்பது எப்படி

நவம்பரில் ட்ரை-அவுட் (அணித் தேர்வு) அன்று ஜிம் வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஒன்பது பேர்தானா!" என்று கவலைப்படுவதில் பயன் இல்லை. அந்த எண்ணிக்கை இரண்டு வருடம் முன்பே முடிவாகிவிட்டது. ஏழாம் வகுப்பில் ஏதோ ஒரு சனிக்கிழமை ஆட்டம் முழுக்க பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, "இது நமக்கு வராது" என்று காரில் வீட்டுக்குப் போகும்போது நினைத்துக்கொண்டாளே, அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நான் இருப்பது அயோவா மாநிலத்தில், டெமாயினை ஒட்டிய ஒரு புறநகர். சொந்த ஊர் பெரியகுளம். பகலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, குளிர்காலத்து மாலைகளில் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அணிக்கு உதவிக் கோச். அமெரிக்காவில் மகள்களை வளர்க்கிற, பள்ளி அணியில் ஆள் குறைகிறது என்று கேள்விப்படுகிற தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கோச்சாக இருந்தாலும் உதவும், வெறும் அம்மா அப்பாவாக இருந்தாலும் உதவும்.

இந்த ஊரில் பெண்கள் பேஸ்கட்பால் சாதாரண விஷயம் இல்லை. 1920 முதல் இங்கே பெண்களுக்கு மாநிலப் போட்டி நடக்கிறது. 1993 வரை பல பள்ளிகள் ஆறு பேர் ஆட்டம் ஆடின: மூன்று பேர் ஒரு பாதியில், மூன்று பேர் மறு பாதியில், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக் கூடாது. 1968 மாநிலப் போட்டியில் டெனிஸ் லாங் என்ற பெண் ஒரே ஆட்டத்தில் 111 புள்ளி எடுத்தார். மறு வருடம் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி அவரை டிராஃப்டில் (புது ஆட்டக்காரர் தேர்வில்) தேர்ந்தெடுத்தது, என்.பி.ஏ. லீக் அதைச் செல்லாது என்றது. கல்லூரி ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற கேட்லின் கிளார்க் பள்ளியில் படித்ததும் இங்கே வெஸ்ட் டெமாயினில்தான். 2024 ஏப்ரலில் அவர் ஆடிய கல்லூரி இறுதி ஆட்டத்தை டிவியில் பார்த்தவர்கள் சராசரியாக 1 கோடியே 87 லட்சத்துக்கும் மேல். அதே வருடத்து ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம்தான்.

பார்க்கக் கூட்டம் ஏறுகிறது, ஆட ஆள் இறங்குகிறது. மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வெளியிடும் கணக்கில் 2016–17இல் உயர்நிலைப் பள்ளிகளில் பேஸ்கட்பால் ஆடிய பெண்கள் 4,30,368 பேர். 2018–19இல் 3,99,067. நான்கு லட்சத்துக்குக் கீழே போனது 1992–93க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 2022–23இல் 3,73,366. வாலிபால் 2014–15லேயே பேஸ்கட்பாலைத் தாண்டிவிட்டது. பெண்கள் மல்யுத்தம் 2022–23இல் ஐம்பதாயிரத்தைத் தொட்டது. அயோவா அதைப் பெண்களுக்கான அதிகாரபூர்வ விளையாட்டாக ஆக்கியதும் அதே வருடம்தான். அதனால் "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு விளையாட்டுல ஆர்வமே இல்ல, எல்லாம் ஃபோன்" என்று யாராவது ஆரம்பித்தால் நம்பாதீர்கள். ஆர்வம் இருக்கிறது, அது வேறு ஜிம்முக்குப் போகிறது.

எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

பள்ளியில் விளையாட்டுகளைக் கவனிக்கும் ஆக்டிவிட்டீஸ் டைரக்டருக்கு ஒரு மெயில் போடுங்கள். கடைசி ஐந்து வருடத்துக்கு, ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, வகுப்புவாரியாகப் பெண்கள் பேஸ்கட்பாலில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள், தர மாட்டார்கள், தரவும் கூடாது. எண் போதும்.

அதை ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதி, குறுக்காகப் படியுங்கள்: இந்த வருட ஏழு, அடுத்த வருட எட்டு, அதற்கடுத்த வருட ஒன்பது. அதே பிள்ளைகள் எப்படிக் கரைகிறார்கள் என்று தெரியும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே சரிந்தால் ஆட விடாததுதான் பெரும்பாலும் காரணம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே என்றால் வாலிபால் கிளப், அல்லது பெரிய பள்ளி என்ற பயம். பத்தாம் வகுப்புக்கு மேல் சரிந்தால் பகுதி நேர வேலை, பாடச் சுமை, வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) பெஞ்சு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இது தெரியாமல் எல்லா இடத்திலும் போஸ்டர் ஒட்டுவது வீண் செலவு.

அப்புறம் விட்டுப்போன பிள்ளைகளிடம் பேசுங்கள். "ஏன் விட்டே?" என்று கேட்டால் "ஹோம்வொர்க் நிறைய இருந்துச்சு" என்று மரியாதையாக ஒரு பதில் வரும். "மறுபடி வரணும்னா என்ன மாறணும்?" என்று கேட்டால்தான் உண்மை வரும். நான் அதிகம் கேட்கும் பதில் மூன்று. "என் ஃப்ரெண்ட் போயிட்டா." "கோச் கத்துறாங்க." மூன்றாவது: "எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியுது, எனக்கு மட்டும் தெரியல."

இந்த மூன்றாவதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. இங்கே காசு கட்டிச் சேரும் டிராவல் அணிகள் மூன்றாம் நான்காம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றன. பன்னிரண்டு வயதில் ஒரு பெண் புதிதாக ஜிம்முக்குள் வந்தால், நாலு வருடம் ஆடிய பிள்ளைகள் காலுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். யாரும் அவளை வெளியே போகச் சொல்ல வேண்டியதில்லை, தானே போய்விடுவாள். பெரியகுளத்தில் நாங்கள் எல்லோரும் எட்டாம் வகுப்பில்தான் பந்தையே தொட்டோம். பி.டி. மிஸ் உயரமான பிள்ளைகளை வரிசையிலிருந்து இழுத்து நிறுத்துவார், அதுதான் ட்ரை-அவுட். கோடையில் எங்கள் ஊரில் நடக்கும் அகில இந்தியப் போட்டியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து ஆசை மட்டும் நிறைய இருந்தது, ஆட்டம் எல்லோருக்குமே சைபர். ஒன்றும் தெரியாதவர்கள் பத்துப் பேர் சேர்ந்து இருந்ததால் வெட்கம் இல்லை.

புதியவர்களுக்கென்று தனி மணி நேரம்

அந்த வெட்கம் இல்லாத இடத்தை இங்கே வேண்டுமென்றே உருவாக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், "இதுவரை எந்த அணியிலும் ஆடாதவர்கள் மட்டும்" என்று ஒரு ஓப்பன் ஜிம். "மட்டும்" முக்கியம். டிராவல் அணிப் பெண் ஒருத்தி உள்ளே வந்தால்கூட மற்ற பிள்ளைகள் சுவரோரம் போய் நின்றுவிடுவார்கள். ஆர்வமுள்ள பழைய பிள்ளைகள் இரண்டு பேரை உதவியாளராக வைத்துக்கொள்ளலாம், அவர்கள் ஆடக் கூடாது, சொல்லித்தர மட்டும்தான்.

மாதம் ஏப்ரல், மே. குளிர்காலத்தில் ஜிம் கிடைக்காது, கோடையில் பாதி வீடு ஊருக்குப் போய்விடும். நம்மவர்கள் கட்டாயம் போய்விடுவார்கள். உயர்நிலைப் பள்ளி ஜிம்முக்கு அடித்துக்கொள்ளாமல் தொடக்கப் பள்ளி ஜிம்மைக் கேளுங்கள். மாவட்ட அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கும், பள்ளியே நடத்துவதாக இருந்தால் வாடகை பெரும்பாலும் இருக்காது. அதனால் பள்ளிக் கோச்சின் பெயரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்த மாதத்தில் கோச் தன் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரலாம், தரக் கூடாது என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி உண்டு. தேதி குறிக்கும் முன் ஆக்டிவிட்டீஸ் டைரக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பந்தைப் பாருங்கள். பெண்கள் பந்து ஆறாம் அளவு, சுற்றளவு 28.5 அங்குலம். ஆண்களுடையது ஏழாம் அளவு, 29.5. ஜிம் ரேக்கில் இரண்டும் கலந்து கிடக்கும். புதிதாக வந்த பிள்ளை கையில் ஏழு மாட்டினால் ஷாட் வளையத்துக்கு எட்டாது, தனக்குத்தான் பலம் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். ஆறாம் அளவு பந்துகளில் கலர் டேப் ஒட்டிப் பிரித்து வையுங்கள். கூடையை இறக்க முடிகிற ஜிம்மாக இருந்தால் ஆறாம் வகுப்புக்கு பத்து அடியிலிருந்து ஒன்பதுக்கு இறக்குங்கள்.

என்ன சொல்லித்தருவது? டிரிப்ளிங்கில், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவதில், தொடங்காதீர்கள். எல்லாக் கோச்சும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பழகியவளுக்கும் பழகாதவளுக்கும் இருக்கிற தூரம் அதில்தான் பளிச்சென்று தெரியும். ஓடிவந்து இரண்டு காலில் நிற்பது, ஒரு காலை ஊன்றித் திரும்புவது, பாஸ், பக்கத்திலிருந்து போர்டில் பட்டு விழும் ஷாட். இந்த வரிசையில் போனால் முதல் நாளே ஒவ்வொருத்தியும் ஒரு கூடையாவது போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். கடைசி இருபது நிமிடம் அரை மைதானத்தில் மூன்றுக்கு மூன்று. ஐந்துக்கு ஐந்தில் கூச்சமுள்ள பிள்ளை பத்து நிமிடம் பந்தைத் தொடாமலே ஓடிக்கொண்டிருப்பாள், மூன்று பேரில் ஒளிந்துகொள்ள முடியாது. "இதெல்லாம் நிஜ ஆட்டமா?" என்று யாராவது கேட்டால், டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அது பதக்க ஆட்டம், முதல் தங்கம் வாங்கியது அமெரிக்கப் பெண்கள் என்று சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்திவிடுங்கள், இன்னும் ஆடணும் என்று கெஞ்சினாலும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

காலை அறிவிப்பில் "ஆர்வமுள்ளவர்கள் வரலாம்" என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்றே பதிமூன்று வயதில் தெரியாது. இலவச டி-ஷர்ட், பீட்சா எல்லாம் பார்த்தாயிற்று. பீட்சாவுக்கு வந்த கூட்டம் பீட்சாவோடு போய்விடும்.

ஒரு பிள்ளையை அவள் பெயரைச் சொல்லி, அவளிடம் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "நீ சாக்கர்ல ஆளை மறிச்சு ஓடுறதைப் பார்த்தேன். டிஃபென்ஸ் பாதி அதுதான்." "வாலிபால்ல பிளாக்குக்குக் குதிக்கிறியே, அந்தக் குதிப்புக்குப் பேர்தான் ரீபவுண்ட்." கிராஸ் கன்ட்ரி ஓடும் பிள்ளைகளை மறக்காதீர்கள், நான்காவது குவார்ட்டரில் மூச்சு வாங்காமல் நிற்பவர்கள் அவர்கள்தான். ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கும் உயரமான பெண்ணை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒருத்தியைத் தனியாகக் கூப்பிடாதீர்கள், அவள் தோழியோடு சேர்த்து இரண்டு பேராகக் கூப்பிடுங்கள். ஒருத்தி வந்தால் இரண்டாம் வாரம் நின்றுவிடுவாள். இரண்டு பேர் வந்தால் ஒருத்திக்கு அலுப்பாக இருக்கும் நாளில் மற்றவள் இழுத்துக்கொண்டு வருவாள். கூப்பிடுவதும் கோச்சை விடப் பத்தாம் வகுப்பு அணிப் பெண்கள் செய்தால் பலன் அதிகம். மிடில் ஸ்கூல் மதிய உணவு நேரத்துக்கு இரண்டு மூத்த பிள்ளைகளை ஜெர்சியோடு அனுப்பப் பள்ளியிடம் அனுமதி வாங்குங்கள்.

வாலிபாலோடு சண்டை வேண்டாம்

இங்கே பள்ளி வாலிபால் இலையுதிர்காலத்தில். அது முடிகிற நேரத்தில் கிளப் வாலிபால் தொடங்குகிறது, ஜனவரியிலிருந்து வார இறுதிகளில் போட்டி. பள்ளி பேஸ்கட்பால் நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை. இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. கிளப்புக்கு வீட்டில் ஆயிரக்கணக்கான டாலர் கட்டியிருப்பார்கள். ஒரே மாலையில் இரண்டு பயிற்சி வந்தால் காசு கட்டிய பக்கம்தான் கார் திரும்பும். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

செப்டம்பரிலேயே இரண்டு காலண்டரையும் அச்சடித்து, அந்தப் பெண், அவள் அம்மா அல்லது அப்பா, கோச் மூவரும் ஒரு மேஜையில் உட்காருங்கள். மோதும் நாட்களை மட்டும் வட்டம் போடுங்கள். பயந்த அளவுக்கு இருக்காது, பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு மாலைதான். அந்த மாலையை விட்டுக்கொடுங்கள். அதற்காக அடுத்த ஆட்டத்தில் அவளை உட்கார வைக்க மாட்டோம் என்று முதல் நாளே எல்லாப் பெற்றோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள், பிறகு முணுமுணுப்பு வராது. வார்சிட்டியில் "ஒன்றைத் தேர்ந்தெடு" என்று ஒரு கோச் சொன்னால் அது அவர் நியாயம். ஒன்பதாம் வகுப்பில் அப்படிச் சொன்னால் அவள் தேர்ந்தெடுப்பாள், நம்மை அல்ல.

ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் ஆட வேண்டும்

ஃப்ரெஷ்மன் அணி, அதாவது ஒன்பதாம் வகுப்பு அணி, எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்று அடுத்த வருடம் கோச்சுக்கே நினைவிருக்காது. எத்தனை பேர் ஜே.வி.க்கு (வார்சிட்டிக்குக் கீழே உள்ள அணி) அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள் என்பதுதான் அந்த அணியின் ஸ்கோர். இதை ஒப்புக்கொள்ளாத கோச்சிடம் மற்ற எதுவும் வேலை செய்யாது.

செய்முறை எளிது. முதல் குவார்ட்டரில் ஐந்து பேர், இரண்டாவதில் வேறு ஐந்து பேர், முழுசாக. ஒரு பிள்ளையை ஒரு நிமிடத்துக்கு இறக்கி, ஒரு தப்புப் பண்ணியதும் இழுத்து உட்கார வைப்பதை விட மோசமானது எதுவும் கிடையாது. தப்புப் பண்ணிவிட்டு அதைத் தானே சரிசெய்ய அவளுக்கு நேரம் வேண்டும். இரண்டாம் பாதியில் ஆட்டம் எப்படிப் போகிறதோ அப்படி. குறைவாக ஆடியவர்களுக்கு ஆட்டம் முடிந்ததும் ஒரு கூடுதல் குவார்ட்டர் வைக்க எதிரணிக் கோச்சிடம் முன்னாடியே கேளுங்கள், விதி இடம் கொடுக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடமும் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். நடுவர்களிடம் ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுவது மரியாதை. நடுவர் பஞ்சம் நாடு முழுக்க இருக்கிறது, அவர்களைக் கடுப்பேற்றினால் அடுத்த ஆட்டமே நடக்காது. ஸ்டாண்டில் கத்தும் அப்பாக்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்களுக்கு ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் அறுபடும் அபாயம் ஆண்களை விடப் பல மடங்கு அதிகம். பெற்றோர் மனதில் இந்தப் பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் இறங்குவது, ஒற்றைக் காலில் சமநிலை, தொடைப் பின்தசைக்குப் பலம் என்று பதினைந்து நிமிட வார்ம்-அப்பை சீசன் முழுக்க விடாமல் செய்தால் அபாயம் நன்றாகவே குறையும். பள்ளியின் அத்லெடிக் டிரெய்னரைக் கேட்டால் சொல்லித்தருவார். பெற்றோர் கூட்டத்தில் இந்த வார்ம்-அப்பைப் பிள்ளைகளை வைத்தே செய்து காட்டுங்கள்.

அணிப் பையில் சானிட்டரி பேட், கறுப்புக் கால்சட்டை ஒன்று, ரப்பர் பேண்டு எப்போதும் இருக்கட்டும். யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் பிரா பற்றிப் பேச அணியில் ஒரு பெண் கோச் இருந்தாக வேண்டும். பதினான்கு வயதுக்குள் பெண்கள் விளையாட்டை விடுவது ஆண்களைப் போல் இரண்டு மடங்கு என்று மகளிர் விளையாட்டு அறக்கட்டளை சொல்கிறது. அதில் பாதிக் காரணங்களை ஒரு ஆண் கோச்சிடம் எந்தப் பிள்ளையும் வாய்திறந்து சொல்ல மாட்டாள். பெண் கோச் கிடைக்கவில்லை என்றால் முன்னாள் அணிப் பெண்களைத் தேடுங்கள், பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கும் டீச்சர் கல்லூரியில் ஆடியிருப்பார். அயோவாவில் கோச்சுக்கு மாநில அங்கீகாரம் வேண்டும், வகுப்புகளை முடித்தால் டீச்சராக இல்லாதவர்களும் வாங்கலாம். நான் அப்படி வந்தவள்தான்.

நம்ம வீடுகளில் பேசுவது

இனி நம் கதை. நம் வீட்டுப் பெண்கள் பத்து வயது வரை எல்லாம் செய்வார்கள்: நீச்சல், பரதம், டென்னிஸ், கணக்கு வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பட்டியலைச் சுருக்குவோம், முதலில் அடிபடுவது ஓடியாடும் விளையாட்டு. அப்படியே வைத்தாலும் டென்னிஸ்தான் நிற்கும், தனியாக ஆடலாம், இடிபட வேண்டாம். பேஸ்கட்பால் என்றால் நமக்கு ஒரு தயக்கம்.

கோவில் பாட்லக்கில் ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "அவ ஹைட்டே அஞ்சடி ரெண்டு. இதுல என்னம்மா பண்ணப் போறா? ஸ்காலர்ஷிப்பா கிடைக்கப் போகுது?"

"கிடைக்காதுக்கா," என்றேன். இந்த இடத்தில் பொய் சொல்லாதீர்கள். உயர்நிலைப் பள்ளியில் ஆடுபவர்களில் கல்லூரிக்குப் போய் ஆடுபவர்கள் மிகக் கொஞ்சம். ஸ்காலர்ஷிப் ஆசை காட்டிச் சேர்த்தால் பத்தாம் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். "வாரத்துல அஞ்சு நாள் பள்ளிக்கூடத்துலயே இருப்பா, நீங்க வண்டி ஓட்ட வேண்டாம், ஏழு மணிக்கு நானே வீட்டு வாசல்ல விடறேன். மார்க் குறைஞ்சா பள்ளியே ஆட விடாது. நாலு மாசம் பாருங்க, பிடிக்கலன்னா விட்டுடலாம்" என்றேன். உயரத்துக்கு ஒரு பதில்: பந்தைக் கொண்டுபோகும் கார்டு ஆறடி இருந்தால்தான் ஆச்சரியம்.

அவருக்கு உண்மையில் இருந்த கவலை உயரம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது: டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், பனியில் பஸ் வெளியூர் போய்த் திரும்ப இரவு பத்தாகும், அவர் கணவர் வேலைக்காகப் பாதி நாள் வெளியூர். நம்மவர்கள் முதலில் சொல்லும் காரணத்தோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள், இரண்டாவது காரணம் வரும்வரை டீ குடியுங்கள். இருட்டுக்கும் பஸ்ஸுக்கும் தீர்வு உண்டு: மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து கார் முறை, பஸ் கிளம்பியதும் வாட்ஸாப்பில் ஒரு செய்தி, வந்து சேர்ந்ததும் ஒரு செய்தி.

சாப்பாடு சின்ன விஷயம் போலத் தெரியும். ஆட்டத்துக்கு முந்தைய அணி விருந்தில் பாஸ்தாவில் இறைச்சி கலந்திருந்தால் சைவப் பிள்ளை ரொட்டியைத் தின்றுவிட்டு அமைதியாக இருப்பாள். மூன்று தடவை அப்படி இருந்தால் நாலாவது தடவை வயிற்றுவலி என்பாள். சாஸைத் தனியாக வைக்கச் சொன்னால் போதும், முடிந்தது. வெள்ளிக்கிழமை நடன வகுப்பு மோதினால் டீச்சரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். நம் நடன டீச்சர்கள் பார்க்கக் கண்டிப்பு, கேட்டால் நேரம் மாற்றித் தருவார்கள், அரங்கேற்ற வருடம் தவிர.

கோடையில் டிராவல் அணியில் சேர்ந்தே ஆக வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஆட அது தேவையில்லை. பள்ளி நடத்தும் கோடைக்காலப் பயிற்சிக்குப் போனால் போதும், வாசலில் ஒரு கூடை இருந்தால் இன்னும் நல்லது.

ஆட்ட இரவு

இங்கே வார்சிட்டி இரவுகளில் முதலில் பெண்கள் ஆட்டம், அது முடிந்ததும் ஆண்கள். பெண்கள் ஆடும்போது பெற்றோர் இன்னும் வேலையிலிருந்து வந்துகொண்டிருப்பார்கள். பேண்டு வாத்தியக் குழு ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் வாத்தியத்தைத் தூக்கும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைப் பார்த்தால் அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டப்படி ஆட்ட நேரம், பயிற்சி நேரம், விளம்பரம் எல்லாமே சமமாக இருக்கிறதா என்று பார்க்கப்படும் விஷயங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். "வரிசையை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாற்றலாமா? பேண்டு ஒரு முக்கால் மணி நேரம் முன்னால் வரலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். மிடில் ஸ்கூல் பெண்களை ஒரு இரவு இலவசமாக உள்ளே விட்டு, பெஞ்சுக்குப் பின்னாலேயே உட்கார வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏழு பேர்தான் என்றால்

மூடாதீர்கள், சுருக்குங்கள். ஃப்ரெஷ்மனும் ஜே.வி.யும் ஒரே அணியாகப் பயிற்சி செய்யட்டும், ஆட்டத்தை இரண்டு குவார்ட்டர் அவர்கள், இரண்டு குவார்ட்டர் இவர்கள் என்று பிரியுங்கள். பக்கத்துப் பள்ளியிலும் இதே நிலைமையாகத்தான் இருக்கும், அவர்களோடு மூன்றுக்கு மூன்று ஆட்ட நாள் வையுங்கள், நாலு பேர் வந்தாலும் நடக்கும். ஒரு வருடம் அணியே இல்லை என்று ஆனால் அடுத்த வருடம் கேட்கவே ஆள் இருக்காது, ஜிம் நேரத்தையும் வேறு யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பதினைந்து பேருக்கு மேல் வந்து, "கட்" செய்யலாமா, அதாவது சிலரைக் கழித்துவிடலாமா, என்று கோச் கேட்டால், ஒன்பதாம் வகுப்பில் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜெர்சி போதவில்லை என்றால் பழைய செட்டை எடுங்கள், ஸ்டோர் ரூமில் நிச்சயம் ஒரு பெட்டி இருக்கும். வேறு வழியே இல்லாமல் கட் செய்தால், பட்டியலைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையையும் கோச் தனியாகக் கூப்பிட்டு, எதைப் பழக வேண்டும், ஏப்ரலில் எந்தக் கிழமை ஜிம் திறந்திருக்கும் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.